முடி கனம் நகர்ந்தால் குண்டு எங்கே போகும், தெரியுமா?

ஏர் பிஸ்டலின் குழல் நுனியில் நிமிர்ந்து நிற்கிறதே ஒரு சின்னக் கறுப்புத் தகடு, அதுதான் முன்சைட். கண்ணுக்குப் பக்கத்தில், நடுவில் சதுரமாக வெட்டிய பள்ளத்தோடு இருப்பது பின்சைட். அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் முன்சைட் தெரிய வேண்டும். இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சரி, முன்சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் விலகிவிட்டது என்று வையுங்கள். 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் குண்டு எவ்வளவு விலகும் தெரியுமா? 28 மில்லிமீட்டருக்கும் மேலே! நட்டநடுவில் பத்துப் புள்ளியாக விழுந்திருக்க வேண்டிய குண்டு ஏழு புள்ளி வளையத்தில் போய் உட்காரும்!

கணக்கு மிக எளிது. இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 35 செ.மீ. தூரம். இலக்கு இருப்பதோ 10 மீட்டரில். 35 செ.மீ.யில் நேர்ந்த பிசகு 10 மீட்டர் போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட 29 மடங்காகப் பெருகிவிடுகிறது. சைட்டுகளுக்கு நடுவே வெறும் 10 செ.மீ. இடைவெளி உள்ள குட்டை ரிவால்வர் என்றால் அதே ஒரு மில்லிமீட்டர் நூறு மடங்காகும். குண்டு 10 செ.மீ. தள்ளிப் போய்விடும்! 'அப்படியென்றால் பிஸ்டலை நீளமாகவே செய்துவிடலாமே' என்று தோன்றுகிறதா? விதி விடாது. 42 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலம் கொண்ட ஒரு பெட்டிக்குள் ஏர் பிஸ்டல் அடங்கியே ஆக வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு முன்னால் அந்தப் பெட்டியில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

இப்போது இதைவிடப் பெரிய ஆச்சரியம். கை நடுங்கினால் குறி தவறும் என்றுதானே நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்? பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்துப் புள்ளி. ஆகவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். சைட்டுகள் இரண்டும் கச்சிதமாக நேர்கோட்டில் இருந்து, கை மட்டும் முழுசாக ஆடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பிஸ்டலே 8 மி.மீ. மேலும் கீழும், இடமும் வலமும் மிதந்தாலும் பத்துதான்! ஆனால் சைட்டுகளுக்குள் நேர்கோடு கலைந்தால்? 0.28 மி.மீ. பிசகிலேயே பத்து போய்விடும். கைநடுக்கத்துக்கு 8 மி.மீ. சலுகை, சைட் பிசகுக்குக் கால் மில்லிமீட்டர்தான் சலுகை! உலகத்தின் தலைசிறந்த வீரர்களின் கைகூட ஒரு நொடியும் அசையாமல் நிற்பதில்லை. ஸ்காட் என்றொரு பயிற்சிக் கருவி, பிஸ்டல் எங்கெங்கே அலைந்தது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். சாம்பியன்களின் கோட்டையும் பாருங்கள், அது ஒரு புள்ளியாக இருக்காது. கிறுக்கலாகத்தான் இருக்கும். ஆனால் சின்னக் கிறுக்கல்.

அதனால்தான் பிஸ்டல் வீரர் இலக்கைக் கூர்ந்து பார்ப்பதே இல்லை! ஆம், நிஜமாகவே இல்லை. மனிதக் கண்ணால் ஒரே சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். முன்சைட்டைத் தெளிவாகப் பார்த்தால் 10 மீட்டரில் உள்ள கறுப்பு வட்டம் மங்கலாகும். இலக்கைத் தெளிவாகப் பார்த்தால் சைட் மங்கும். எதை மங்க விடுவது? மேலே போட்ட கணக்கே பதில் சொல்லிவிட்டது. இலக்கு மங்கட்டும்! வட்டத்தின் ஓரம் கலங்கித் தெரிந்தாலும் பாதகமில்லை. முன்சைட்டின் மேல்விளிம்பு மட்டும் கத்தி முனையாகத் தெரிய வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதுதான் மிகமிகக் கடினமான பாடம். சுடப்போவது எதையோ அதைப் பார்க்காதே என்றால் மனம் கேட்குமா என்ன? விசை விடுபடும் நேரத்தில் கண் தன்னையறியாமல் இலக்குக்குத் தாவிவிடும். அந்த ஒரு தாவலில் பத்து எட்டாகும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் நினைவிருக்கிறதா? தென்கொரியாவின் கிம் யே-ஜி கண்ணில் விசித்திரமான உலோகச் சட்டக் கண்ணாடி, ஒரு கண்ணில் மறைப்பு, அறிவியல் புனைகதைப் படத்தில் வருகிறவர் மாதிரி நின்றார். அந்தக் கண்ணாடியில் இருந்த வேலைப்பாடு முழுவதும் ஒன்றுக்காகத்தான்: முன்சைட் தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணுக்கு முன்னே உள்ள துவாரத்தைச் சிறிதாக்கினால் தெளிவாகத் தெரியும் தூரத்தின் வீச்சு கூடும். கேமராவில் நடப்பது இதேதான். மறுபக்கத்தில் துருக்கியின் யூசுஃப் டிகெச். வயது 51. வீட்டில் போடும் சாதாரண மூக்குக்கண்ணாடி, இரண்டு கண்ணும் திறந்தபடி, ஒரு கை பாக்கெட்டில்! கலப்பு அணிப் பிரிவில் வெள்ளியைத் தட்டிக்கொண்டு போனார். கை பாக்கெட்டில் இருந்தது அலட்சியம் என்று பலர் எழுதினார்கள். அலட்சியமே இல்லை. சும்மா தொங்கும் கை ஆடினால் உடலும் ஆடும், அதனால் பெரும்பாலான பிஸ்டல் வீரர்கள் அந்தக் கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ கட்டிப்போடுவார்கள். அதே கலப்பு அணிப் போட்டியில்தான் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் நமக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்கள்.

சரி, குண்டு தொடர்ந்து இடப்பக்கமே விழுகிறது. பின்சைட்டை நகர்த்தும் திருகைத் திருக வேண்டியதுதானே? பொறுங்கள்! முதலில் ஒரு குண்டை வைத்து எதையும் முடிவு செய்யவே கூடாது. ஐந்தோ பத்தோ சுட்டு, அவை எங்கே கூட்டமாக விழுகின்றன என்று பார்க்க வேண்டும். சுடுபயிற்சி நடக்கும் ரேஞ்சில் இதை 'குரூப்' என்பார்கள். குண்டுகள் சிதறிக் கிடந்தால் சைட்டில் கைவைக்கக் கூடாது. அது சைட்டின் கோளாறு இல்லை. குண்டுகள் நெருக்கமாக, ஆனால் மையத்தை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் குவிந்திருந்தால் மட்டுமே திருகுக்கு வேலை. எவ்வளவு நெருக்கம் என்கிறீர்களா? நல்ல போட்டிப் பிஸ்டலைத் தொழிற்சாலையில் இடுக்கியில் பூட்டிச் சுட்டுப் பார்த்து அனுப்புகிறார்கள். அத்தனை குண்டும் ஏறக்குறைய ஒரே துளையில் புகுந்திருக்கும்!

திருகின் அதிசயத்தையும் கேளுங்கள். பல ஏர் பிஸ்டல்களில் திருகை ஒரு 'கிளிக்' திருப்பினால் குண்டு விழும் இடம் சுமார் 2 மி.மீ. நகரும். அதற்குப் பின்சைட் எவ்வளவு நகர்ந்திருக்கும்? 0.07 மி.மீ.! உங்கள் தலைமுடி ஒன்றின் கனம். அந்த நகர்வைக் கண்ணால் பார்க்கவே முடியாது, விரலில் 'டிக்' என்று உணர மட்டுமே முடியும். அந்த ஒரு டிக்தான் சில நாட்களில் பதக்கம்.

எந்தப் பக்கம் திருப்புவது? குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். குண்டு மேலே போக வேண்டுமா, பின்சைட்டை உயர்த்துங்கள். முன்சைட் என்றால் நேர் எதிர்! முன்சைட்டின் உயரத்தைக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். இது பலரைக் குழப்பும். இன்னொரு குழப்பமும் உண்டு. சில சைட்டுகளின் திருகில் உள்ள அம்புக்குறி 'குண்டு இந்தப் பக்கம் போகும்' என்று சொல்லும். பல ஜெர்மானியச் சைட்டுகளில் உள்ள எழுத்தோ 'குண்டு மேலே விழுகிறதா, அப்படியானால் இந்தப் பக்கம் திருப்பு' என்று சொல்லும். இரண்டும் நேரெதிர்! புதுப் பிஸ்டல் வாங்கியதும் கையேட்டைப் படிக்காமல் திருகினால், பிசகு இரட்டிப்பாகும்.

பத்து மீட்டர் தூரம்தானே, அதற்குள் குண்டு கீழே விழுமா என்று கேட்பவர்கள் உண்டு. விழும்! ஏர் பிஸ்டல் குண்டின் வேகம் நொடிக்கு 150 மீட்டர் அளவில் இருக்கும். பத்து மீட்டரைக் கடக்க நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் புவியீர்ப்பு அதை 22 மி.மீ. கீழே இழுத்துவிடுகிறது. கிட்டத்தட்ட மூன்று வளையம்! அதனால் குழல் எப்போதும் பார்வைக் கோட்டைவிடக் கொஞ்சம் மேல்நோக்கியே பார்த்துக்கொண்டிருக்கிறது. சைட்டின் உயரம் அந்தக் கோணத்தை ஒளித்து வைக்கிறது. இப்போது பிஸ்டலைப் பக்கவாட்டில் 10 டிகிரி சாய்த்துப் பிடித்தால்? மேல்நோக்கிய அந்தக் கோணமும் கூடவே சாயும். குண்டு ஏறக்குறைய 4 மி.மீ. பக்கவாட்டில் நழுவும். அரை வளையம், எந்தத் திருகையும் தொடாமலேயே!

இனிதான் நான் மிகவும் ஆசையோடு சொல்ல வந்த இடம். குண்டு மையத்தை விட்டு விலகினால், பத்துக்கு ஒன்பது முறை குற்றவாளி சைட் இல்லை. கைதான்! அதுவும் எந்த விரல் தப்பு செய்தது என்பதை இலக்கு அட்டையே காட்டிக்கொடுத்துவிடும், தெரியுமா? ஒரு கையால் சுடும் வலக்கைக்காரரின் குண்டுகள் இடப்பக்கக் கீழ்மூலையில் குவிகின்றனவா? விசையை இழுக்கும்போது ஆட்காட்டி விரலோடு சேர்ந்து மற்ற விரல்களும் இறுகுகின்றன. கை முழுவதும் ஒரு முஷ்டியாக மூடப் பார்க்கிறது, அந்தப் பிடி குழல் நுனியைக் கீழே, இடப்பக்கம் இழுத்துவிடுகிறது. நேர் கீழே விழுகின்றனவா? வெடி அதிரப்போகிறது என்று பயந்து மணிக்கட்டு முன்கூட்டியே தாழ்கிறது. வலப்பக்க மேல்மூலையா? உள்ளங்கையின் அடிப்பகுதி பிஸ்டலை முன்னே தள்ளுகிறது. வலப்பக்கமே என்றால் கட்டைவிரல் அழுத்துகிறது. இடப்பக்கமே என்றால் விசையில் விரல் நுனி மட்டும் பட்டு, நேராக இழுக்காமல் தள்ளுகிறது. இதையெல்லாம் வட்டமாக வரைந்து பல ரேஞ்சுகளின் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அந்த வட்டம் ஒரு கையால் சுடுபவருக்காக வரைந்தது. இரண்டு கையால் பிடிப்பவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

பயத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி உண்டு. தோட்டா போட்டுச் சுடும் பிஸ்டலில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டாக்களைக் கலந்து இன்னொருவர் நிரப்பித் தருவார். எது எப்போது வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. போலி வரும்போது அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. ஆனாலும் குழல் நுனி மட்டும் 'குபுக்' என்று கீழே குனியும்! சைட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தவர் அந்த நொடியிலேயே தன் கையைப் புரிந்துகொள்வார். ஏர் பிஸ்டலிலோ குண்டே போடாமல் விசையை மட்டும் பழகுவதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது. பெரிய வீரர்கள் வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படித்தான் பழகுகிறார்கள்.

ரேஞ்சுச் சுவரில் ஒட்டிய அந்த வட்டத்தை இடக்கைக்காரர் அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் படிக்க வேண்டும். கையை மாற்றினால் பிழையும் பக்கம் மாறும்! ஹங்கேரியின் கரோய் தகாச்சுக்கு வாழ்க்கையே அப்படித் திரும்பியது. 1938-ல் ராணுவப் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து, சுடும் கையான வலக்கை சிதைந்துபோனது. அவர் இடக்கையால் முதலிலிருந்து பழகினார். 1948 லண்டன் ஒலிம்பிக், 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டி, தங்கம், அதுவும் 580 புள்ளிகளோடு உலகச் சாதனை! 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம்! ஒரு கையில் ஆண்டுக்கணக்காக ஊறிய பழக்கத்தை எல்லாம் இன்னொரு கைக்குக் கற்றுக்கொடுத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பக்கவாட்டுப் பிசகைக் காலால் சரிசெய்யலாம் என்றால் நம்புவீர்களா? கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்துங்கள். உடம்பு இயல்பாக எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கட்டும். கண்ணைத் திறந்து பாருங்கள். இலக்குக்கு இடப்பக்கம் தள்ளி நிற்கிறதா? கையால் இழுத்து நேராக்காதீர்கள். இழுத்துப் பிடித்த தசை, விசை விடுபடும் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். பின்கால் பாதத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள். உடம்பு முழுவதும் திரும்பி, பிஸ்டல் தானாக இலக்குக்கு வந்து நிற்கும். மரப்பிடி கையில் சரியாக உட்காராவிட்டால், அதை ராவியும் மரமக்கு பூசியும் தன் உள்ளங்கைக்கென்று செதுக்கிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

வெடிமருந்துத் துப்பாக்கிகளின் பக்கம் வந்தால் தலையே சுற்றும். ஒரே ரிவால்வரில் கனமான குண்டையும் இலேசான குண்டையும் சுட்டால், பக்கத்து இலக்கில் எது மேலே விழும்? இலேசானதுதானே என்பீர்கள். இல்லை, கனமானது! குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிர்வால் குழல் நுனி மேலே எழும்பத் தொடங்கிவிடுகிறது. மெதுவாகப் போகும் கனமான குண்டு குழலுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருக்கும்; அது வெளியேறும்போது நுனி இன்னும் உயர்ந்திருக்கும். அதனால்தான் பல ரிவால்வர்களில் முன்சைட் அத்தனை உயரம். ஓய்வில் இருக்கும்போது குழல் உண்மையில் இலக்குக்குக் கீழே பார்த்துக்கொண்டிருக்கும்!

அமெரிக்காவின் 1851 கோல்ட் நேவி ரிவால்வரில் பின்சைட் எங்கே இருக்கிறது தெரியுமா? சுத்தியலில்! சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தினால்தான் அதன் உச்சியில் வெட்டிய பள்ளம் கண்ணுக்கு நேரே வரும். அதற்குப் பின் வந்த பல ரிவால்வர்களில் திருகே கிடையாது. குண்டு கீழே விழுந்தால் முன்சைட்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவ வேண்டும். பக்கவாட்டில் விழுந்தால் கொல்லர் குழலையே ஒரு துளி முறுக்கித் திருப்புவார். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு குண்டு சுட்டுப் பார்த்துத்தான் அடுத்த இழுப்பு. இன்றைய காவல்துறைப் பிஸ்டல்கள் சிலவற்றில் இருட்டில் பச்சையாக ஒளிரும் சைட்டுகள் உண்டு. அவற்றில் இருப்பது டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு. பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் ஒளி பாதியாகிவிடும்.

கறுப்புச் சைட்டிலும் ஒரு சங்கதி. வெயில் ஒரு பக்கமாகப் பட்டால் முன்சைட்டின் அந்த விளிம்பு மின்னும். மின்னும் விளிம்பைக் கண் தவறாகப் படிக்கும், குரூப் பக்கவாட்டில் நழுவும். பழைய காலத்து வீரர்கள் கார்பைடு விளக்கின் புகையைப் பிடித்துச் சைட்டைக் கரி பூசி மங்கலாக்குவார்கள்.

இதயத் துடிப்பும் குண்டைத் தள்ளும். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜோங்-சு வென்ற வெள்ளியும் வெண்கலமும் பறிக்கப்பட்டன. காரணம், ப்ரோப்ரனலால் என்ற மாத்திரை. வேறு பல விளையாட்டுகளில் இந்த மாத்திரையால் எந்த லாபமும் இல்லை. துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் என்பதால் துப்பாக்கிச் சுடுதலில் அதற்குத் தடை!

பிசகு சில சமயம் உண்மையாகவே கருவியில்தான் இருக்கும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே கோளாறாகி, ஏறக்குறைய 20 நிமிடம் பறிபோனது. 575 புள்ளிகள் எடுத்தார். இறுதிச் சுற்றுக்கு 577 வேண்டியிருந்தது. அவர் துவண்டுவிடவில்லை. பாரிஸில் தனிநபர் பிரிவில் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியத் துப்பாக்கிச் சுடும் வீராங்கனை ஆனார்.

சைட்டே கலைந்துபோனால்? அதுவும் நடந்திருக்கிறது, நம் நாட்டவருக்கே. 2008 பீஜிங், 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அபினவ் பிந்த்ரா தகுதிச் சுற்றில் 596 எடுத்து இறுதிக்கு வந்துவிட்டார். இறுதிக்கு முன் சரிபார்ப்புக் குண்டு சுட்டபோது அது மையத்தை விட்டு வெகுதூரம் போனது. சைட் மாறிக் கிடந்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையின் மிகப் பெரிய போட்டி, கையில் இருந்தது சில நிமிடம். அது கையின் பிழை இல்லை, சைட்டின் பிழை என்று அத்தனை பதற்றத்திலும் அவருக்குப் புரிந்திருந்தது, பாருங்கள்! திருகுகளைத் திருப்பித் திருப்பி, சுட்டுச் சுட்டு, மையத்துக்குக் கொண்டுவந்தார். இறுதிச் சுற்றின் முதல் குண்டு 10.7. பத்து குண்டுகளில் ஒன்றுகூடப் பத்துக்குக் கீழே இல்லை. கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்தின் ஹென்ரி ஹக்கினனோடு சமநிலை. கடைசிக் குண்டு 10.8. மொத்தம் 700.5 புள்ளிகள், தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம்!